குதிகட்டில்

“கட்டிலாம் கட்டில்! டேய், அதுக்குப் பேரு டிராம்போலின். வாயில நுழையலைன்னா பேரையே மாத்திடுவியா?”

“நுழையாததை எதுக்குக்கா கஷ்டப்பட்டுச் சொல்லணும்? குதிகட்டில். பசங்களுக்குப் புரியுதுல்ல?”

கத்தியவர் பக்கத்து வீட்டு மாவுக்கட்டு அக்கா. எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. பதில் சொன்னது எங்களுக்கு மறுபக்கத்து வீட்டில் இருக்கும் அவருடைய தம்பி, தச்சர். ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் சமையலறை ஜன்னல்தான் தச்சர் வீட்டுக் கொல்லையைப் பார்த்துத் திறந்து தொலைக்கிறது.

பிள்ளைகள் ஏறிக் குதித்து விளையாட அவர் வாங்கி வந்த சாமான் அது. வினையே அந்தப் பேரில்தான். கட்டில் என்று வாயில் வந்ததும் மனுஷர் அதைக் கட்டிலாகவே நடத்த ஆரம்பித்துவிட்டார். கட்டிலைச் சுவரோரம்தானே போடுவோம்? மதிலை ஒட்டிப் போட்டார். சுற்றிக் கட்டுகிற வலையைப் பார்த்து, “பட்டப்பகல்ல கொசுவலை எதுக்கு?” என்று அதை அவரைக்கொடிக்குக் கொடுத்தார். ஸ்பிரிங்குகளை மூடுகிற மெத்தையில் நாய் படுத்தது. ஒரே கட்டிலில் மூன்று பிள்ளைகள் படுக்கலாம் என்றால் மூன்று பேர் குதிக்கவும் செய்யலாமே! இரண்டு பேர் தச்சரின் பிள்ளைகள், பெரிய பூசணி, சின்ன பூசணி. நடுவில் அக்காவின் ஏழு வயது மகள் குருவி. பள்ளி விட்டதும் அக்கா வரும்வரை அவளுக்கு மாமா வீடுதான். வேறு போக்கிடம் இல்லை.

“இந்த வாரம் இப்படிக் குதிச்சு உடைஞ்ச கை மட்டும் நாலுக்குக் கட்டுப் போட்டேன். அஞ்சாவது என் பொண்ணோடதா இருக்கக் கூடாது.”

“சின்ன வயசுல நான் மரத்துலேருந்தே குதிக்கலையா?”

“குதிச்சே. முன்பல்லு ரெண்டும் எங்கடா?”

தச்சர் வாயை மூடிக்கொண்டார். கட்டுப்பல் வெளியே தெரியும் என்றுதான்.

அக்கா லேசில் விடுகிற ஆள் இல்லை. மூன்று நாள் லீவு போட்டார். குதிகட்டிலின் நடுவில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பூசணிகள் சுற்றிச் சுற்றி வந்து, “இறங்குங்க அத்தை!” என்று கெஞ்சினார்கள். தச்சரின் மனைவி வந்து, “டீயை அங்கேயே தரட்டுமா அண்ணி?” என்றார்.

“தா. உன் வீட்டுக்காரன் வலையைக் கட்டுற வரைக்கும் எனக்குச் சோறும் இங்கதான்.”

ஆடுகிற இடத்தில் உட்கார்ந்து குடித்ததில் பாதி டீ சேலைக்குப் போனது. தச்சர் அசையவில்லை.

மூன்றாம் நாள் அக்கா ஒரு சாக்கு கேட்டார். அதில் குருவியின் எடைக்கு இருபது கிலோ அரிசி போட்டுக் கட்டி, அவளுடைய பழைய கவுனை மாட்டி நடுவில் வைத்தார். தச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். ஜன்னலில் நானும்தான்.

“இப்பக் குதிங்கடா, ரெண்டு பேரும்.”

முதலில் மூட்டை சும்மா ஆடியது. பிறகு பூசணிகள் இருவரும் ஒன்றாக வந்து இறங்க, மூட்டை எகிறிப் போய் மதிலில் மோதியது. கவுன் கழுத்தோரம் கிழிந்தது. அரிசி கொட்டியது.

குருவி கேட்டாள், “அது நானாம்மா?”

தச்சர் எழுந்தார். குதிகட்டிலை இழுத்துக் கொல்லை நடுவில், எந்தச் சுவருக்கும் எட்டாத தூரத்தில் போட்டார். அவரைக்கொடியைப் பிய்த்து வலையை மீட்டார். மெத்தையைப் பிடுங்கியபோது ஆட்சேபம் தெரிவித்தது நாய் மட்டும்தான். அன்றே ஒரு பலகை செதுக்கி மாட்டினார்: ‘ஒரு நேரத்தில் ஒருத்தர். பெரியவங்க இல்லாமல் ஏறக் கூடாது.’

அப்புறம் அக்காவையே மிஞ்சிவிட்டார். ஒவ்வொரு சாயங்காலமும் பக்கத்தில் நின்று காவல். எனக்கும் ஒருநாள் ஏறிப் பார்க்க ஆசை வந்தது. “நீங்க ஜன்னல்லேருந்தே பாருங்கம்மா, பழகின இடம்தானே” என்றார். அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

வருஷங்கள் ஓடின. பெரிய பூசணி கப்பல் வேலைக்குப் போனான். சின்னவன் மாமியார் ஊரோடு போய்விட்டான். குருவிக்குப் போன மாதம் கல்யாணம். ஓர் எலும்பு முறியாமல் வளர்ந்தவள், வேறு ஊருக்குக் கிளம்பும்போது வண்டியிலிருந்து இரண்டு கையையும் நீட்டி ஆட்டிக்கொண்டே போனாள். கல்யாணத்துக்கு மாமா தன் கையால் செய்த கட்டில் லாரியில் பின்னால் போனது.

வண்டி மறைந்ததும் தச்சர் அக்காவைப் பார்த்தார்.

“இதையாவது சுவரோரமாப் போடலாமாக்கா?”