கால் தரிக்காத கடை

முத்துசெல்வம் கடையில் முதன்முதலாகக் கூரைக்குப் போனவர், சூட்கேஸ் பார்க்க வாஷியிலிருந்து வந்த ஒரு பேங்க் மேனேஜர். அன்றைக்குக் கரண்ட் இல்லாததால் ஃபேன் ஓடவில்லை. ஓடியிருந்தால் விஷயம் போலீஸ் வரை போயிருக்கும். மும்பை தாராவி லிங்க் ரோட்டில் தோல் பைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாக் கடையிலும் ஆட்கள் வருவார்கள், விலை கேட்பார்கள், தரையில் நிற்பார்கள். முத்துசெல்வம் கடையில் மட்டும் அந்த வருச மழை விட்டதிலிருந்து, பேச ஆரம்பித்த ஆள் மெல்ல எடை குறைந்து எழும்பினார். காரணம் தெருவுக்கே தெரியும். முத்துசெல்வத்துக்கு ஒரு கையில் கிரிக்கெட் ஓடுகிற போன், மறு கையில் வாட்ஸ்அப் போன், வாயில் "ஆமா சார், இருக்கு சார்". பாத்ரூம் எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்டதற்கு "மூணு கலர்ல இருக்கு சார்" என்று சொன்ன ஆள் அவன். இவன் காது கொடுக்கக் கொடுக்க அவர்கள் நிற்பார்கள். கொடுக்காவிட்டால் போய்விடுவார்கள், மேலே.

அவன் இதற்காக மாறவில்லை, கடையைத்தான் மாற்றினான். ஃபேனைக் கழற்றினான். கூரைக்கு ஸ்பாஞ்ச் ஒட்டினான். பில் போடும் நேரத்தில் ஆட்களை இழுத்து இறக்க ஒரு மூங்கில் கொக்கி செய்துவைத்தான். கொக்கியால் காலரில் மாட்டி இறக்கப்பட்டவர் மறுபடி அந்தக் கடைக்கு வருவதில்லை என்பது மட்டும் அவனுக்குப் புரிபடவில்லை. எதிர்க்கடை ஜெயினுலாப்தீன் பாய் பெல்ட் வியாபாரி, மேலப்பாளையத்துக்காரர். இறங்கி வந்தவர்களை ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, என்ன வேண்டும் என்று கேட்பார். "முத்து, கூட்டம் ஒனக்கு மேல நிக்கி, யாவாரம் எனக்குக் கீழ நடக்கு" என்று ஒருநாள் சொல்லியும் பார்த்தார். "ஆமா பாய், இருக்கு பாய்" என்றான் முத்துசெல்வம். பாய் இரண்டு அங்குலம் உயர்ந்து, கோபமாகத் தன் கடைக்குத் திரும்பினார்.

ஒரு மே மாதத்து மத்தியானம் சஃப்ரீன் வந்தாள். சீத்தா கேம்ப்பில் வீடு. வீடு வீடாகப் போய் ஊசி போட்டுப் புண் கட்டுகிற நர்ஸ். அன்றைக்குக் காலையில் மட்டும் பாண்டுப்பில் நான்கு மாடி ஏறி இறங்கியிருந்தாள். கடைக்குள் வெக்கையாக இருந்ததால் வாசல்படியிலேயே நின்று பேசினாள். "எனக்கு ஒரு பை வேணும்ண்ணே. ஆனா கடையில விக்கிற மாதிரி இல்ல" என்று தொடங்கியபோது போனில் நாலாவது விக்கெட் விழுந்தது. முத்துசெல்வம் நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் இரண்டு செருப்புக்கால்கள் அவன் மூக்குக்கு நேராகத் தொங்கின. வாசலுக்கு வெளியே ஸ்பாஞ்ச் ஏது, கூரை ஏது? மாஹிம் பக்கத்துக் காற்று அவளைத் தூக்கிக்கொண்டு சயான் திசையில் நடந்தது.

கொக்கி எட்டவில்லை. "ரயில் கரண்ட் கம்பி இருக்குல அந்தப் பக்கம்! ஓடுல!" என்று பாய் கத்தினார். முத்துசெல்வம் ஓடினான். சஃப்ரீன் மூன்றாவது மாடி உயரத்தில், துப்பட்டாவை முழங்காலோடு இறுக்கிக்கொண்டு, பதறாமல் இருந்தாள். நோயாளிகள் வீட்டில் இதைவிட மோசமானதைப் பார்த்தவள்.

"தங்கச்சி, எதையாவது பேசு! நான் கேக்கேன்!"

"இத்தன நேரமும் பேசிட்டுத்தானே இருந்தேன்!"

"திருப்பிச் சொல்லு தாயி!"

அவள் சொன்னாள். பையைப் புண் இருக்கிற வீட்டில் தரையில் வைக்க முடியாது, கட்டிலிலும் வைக்கக் கூடாது, தோளில் தொங்கும்போதே திறக்க வேண்டும் என்றாள். முத்துசெல்வம் கேட்கக் கேட்க ஒரு மாடி இறங்கினாள். சிக்னல் பக்கம் வந்தபோது, கல்லாவைப் பூட்டினோமா என்று அவனுக்கு ஒரு நினைப்பு ஓடியது. அவள் விர்ரென்று விளம்பரப் பலகைக்கு மேலே போனாள். "அண்ணே, நீங்க எங்க போய்ட்டீங்க?" என்று மேலேயிருந்து கேட்டாள். இரண்டு போன்களும் சட்டைப்பையில் அடித்தன. அவன் ஓட்டத்திலேயே இரண்டையும் எடுத்து ஒரு ஆட்டோவின் பின்சீட்டில் எறிந்தான். ஆட்டோ குர்லா பக்கம் போய்விட்டது. ரயில் கம்பிகள் கண்ணுக்குத் தெரிந்தன.

"ஒரு கையாலதான் திறக்க வரணும்ண்ணே. இன்னொரு கையை நோயாளி பிடிச்சிருப்பாங்க. ஊசின்னா பெரிய பெரிய ஆம்பளையும் பிடிச்சுக்கிடுவான், விடமாட்டான்."

முத்துசெல்வம் நின்றுவிட்டான். பதினாலு வருச வியாபாரத்தில் அவன் வாயிலிருந்து முதன்முறையாக ஒரு கேள்வி வந்தது.

"எந்தக் கைய பிடிப்பாக?"

சஃப்ரீன் அப்படியே தொப்பென்று ஒரு இளநீர் வண்டிமேல் விழுந்தாள். கம்பிக்கும் அவளுக்கும் பத்தடி இருந்தது. "வலது கையை" என்றாள், முழங்கையைத் தடவிக்கொண்டு. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

இடது கை கட்டைவிரலால் தள்ளினால் திறக்கிற பையை அவன் எட்டு நாளில் செய்து கொடுத்தான். அடுத்த மூன்று மாதத்தில் செம்பூரிலிருந்தும் பாண்டுப்பிலிருந்தும் நர்சுகள் வந்தார்கள்; எல்லோரும் தரையில் நின்றே வாங்கினார்கள். கூரை ஸ்பாஞ்ச் பைகளுக்கு உள்மெத்தையாகப் போயிற்று.

காது கொடுப்பது பழகிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தாராவி லேபர் கேம்ப்பில் தன் வீட்டில் உட்கார்ந்து முத்துசெல்வம் தன் மனைவி ஜான்சி பேசுவதை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். அவள் தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே நின்று, பரணிலிருந்து பருப்பு டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இது எப்போயிருந்து?"

"எது?"

"மேல நிக்கியே!"

"கல்யாணம் ஆகி மறு வருசத்துல இருந்து. ஏழு வருசமா நான் செருப்பே வாங்கல. அதக்கூடவா யோசிக்கல நீரு?"

கேம்ப்பில் எல்லோருக்கும் தெரியுமாம். புருசனுக்குத் தெரியாமல் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாததால் யாரும் சொல்லவில்லை. முத்துசெல்வத்துக்கு முகம் வெந்துபோயிற்று. பாயை விரித்து, சுவரில் சாய்ந்து, "சொல்லு" என்றான். ஜான்சி பருப்பைக் குக்கரில் ஏற்றிவிட்டுச் சொன்னாள். மும்பை வந்த நாளில் தாதர் பிளாட்பாரத்தில் அவன் அவளை மறந்துவிட்டுத் தனியாக வண்டி ஏறியது. அவள் வரைந்து கொடுத்த பை டிசைனை அவன் காதுகுடையச் சுருட்டியது. கடையில் தானும் உட்கார வேண்டும் என்று பதினோரு தரம் கேட்டது. குக்கர் சத்தம் போட்டு ஓய்ந்தது. பருப்பு அடிபிடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை. நடுவில் ஒருதரம் "பென்சில் எங்க வச்சிருக்க? அந்த டிசைன மறுபடி போடு" என்றான். அவள் இறங்கி இறங்கி, தரைக்கு நாலு விரல்கடை மேலே வந்து நின்றாள்.

"இன்னும் நாலு விரல் இருக்கே, அது எதுக்கு? கேக்கத்தான செய்றேன்?"

"இது இருக்கட்டும்" என்றாள் ஜான்சி. "லோக்கல் வண்டியில எவனும் கால மிதிக்கமாட்டான்."

திங்கட்கிழமையிலிருந்து அவள் கடையில் உட்காருகிறாள், நாற்காலிக்கு நாலு விரல் மேலே.