நான் எழுதிக் கொடுத்த மாரடைப்பு

1

மனிதாபிமானத்திலிருந்து இந்தக் கதை பிறந்தது என்று தொடங்கினால் கௌரவமாக இருக்கும். உண்மையில், ஒரு பெண்ணிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நாளைக் கடத்தத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மருத்துவன். முப்பத்தெட்டு ஆண்டுகளாக அதே தெரு, அதே அறை. ஞாயிறுதோறும் செய்தித்தாளில் ஒரு பத்தி எழுதுகிறேன். பழமைவாதி என்று திட்டி வரும் கடிதங்களைப் போட்டுவைத்த அட்டைப்பெட்டி நிறைந்துவிட்டது, என் கருத்து மாறவில்லை. நாக்கை நீட்டச் சொல்லாமல் கணினியைப் பார்த்தே மருந்தெழுதும் இளசுகளை வறுத்தெடுத்திருக்கிறேன். அரசாங்கம் வீட்டு வாசலோடு நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தியபோது மூன்று வாரம் தொடர்ந்து எதிர்த்தேன். மருத்துவரின் கையெழுத்து பொய் சொல்லக் கூடாது என்றும் ஒருமுறை எழுதினேன். அதற்குத்தான் நிறையப் பாராட்டு வந்தது.

2

முதல் தொடக்கம்: 'ஒரு டாக்டர் இருந்தார். அவருக்கு ஒரு நண்பர். நண்பருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள்...'

(நிறுத்திவிட்டேன். 'அவர்' என்று எழுதினால் என்னிடம் இல்லாத நல்ல குணமெல்லாம் அவரிடம் வந்து ஒட்டிக்கொள்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: பதினொரு வருடங்களுக்கு முன், என் நண்பரின் மூத்த மகள் இருபத்துமூன்று வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். [எப்படி என்று எழுத மாட்டேன். பத்திரிகைகள் அதை விலாவாரியாகப் போடுவதைக் கண்டித்தவன் நான். அந்த ஒன்றிலாவது சொன்னபடி நடக்கிறேன்.] நான் போனபோது நண்பர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிதான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போலீஸ் வேண்டாம் அண்ணா. சின்னவளுக்கு ஒரு வாழ்க்கை இருக்கு. அவளுக்குக்கூடத் தெரியக் கூடாது. உங்க தங்கச்சியா கேக்கறேன்."

சின்னவள் அப்போது பள்ளிச் சுற்றுலா போயிருந்தாள். இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் மாரடைப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றினேன். அதில் எனக்கு இன்றுவரை வெட்கம்

(இந்த வாக்கியம் முடிய மறுக்கிறது. கிடக்கட்டும்.)

3

நண்பர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி இப்போது சின்னவளோடும் மருமகனோடும் இருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். சின்னவள் மூன்று மாதக் கர்ப்பம்.

இதய நிபுணர் ஒருவர் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்கு இருபத்துமூன்று வயதில் மாரடைப்பு என்றதும் அவர் முகமே மாறிவிட்டதாம். பரிசோதனைகளில் ஒன்றுமில்லை. ஆனால் சில பரம்பரைக் கோளாறுகள் பரிசோதனையில் சிக்காது, பிரசவம் ஆபத்தாகலாம், குழந்தைக்கும் வரலாம் என்றிருக்கிறார். என் சான்றிதழை நம்பினால் அவர் பேசியது முழுக்கச் சரி. கணவனும் மனைவியும் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை கருவைக் கலைக்கிறார்கள்.

மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டேன். உன் இதயத்தில் ஒரு குறையுமில்லை என்றேன்.

"அக்காவுக்கும் அப்படித்தானே சொன்னீங்க, மாமா?"

சொன்னேன்தான். சாவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு மூத்தவள் என் எதிரே உட்கார்ந்து, படபடப்பு, தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றாள். இதயத்தை மட்டும் கேட்டுவிட்டு, ஒரு கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிரித்து அனுப்பினேன்.

(கதாபாத்திரத்தை நான் சந்தேகிக்கும் இடம் இது. மானத்தைக் காப்பாற்றினேன் என்றானே அந்த டாக்டர், யாருடைய மானத்தை? விசாரணை என்று வந்திருந்தால் முதல் கேள்வி அவனைத்தான் கேட்டிருப்பார்கள்.)

பக்கத்தில் அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தம் பார்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

4

முடிவு ஒன்று. உண்மையைச் சொல்கிறேன், குழந்தை பிழைக்கிறது. பத்தி எழுதுகிறவனுக்கு இனிக்கும் முடிவு, அதனாலேயே எனக்கு நம்பிக்கையில்லை. தெரிந்த மறுநிமிடம் அவள் வேறொரு பயத்தோடு அதே கேள்வியைக் கேட்பாள், அக்கா மாதிரி எனக்கும் ஆகுமா என்று. மனச்சோர்வும் சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு. ஆகாது என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது. உட்காரவைத்து அவள் பேசுவதைக் கேட்க முடியும். அக்காவுக்கு அதைக்கூடச் செய்யவில்லை நான்.

முடிவு இரண்டு. வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை தானாக வந்துவிடும்.

முடிவு மூன்று. அம்மாவே சொல்கிறார். இதை எழுதிப் பார்க்காமல் நேரடியாகவே முயன்றேன். புதன்கிழமை போன் செய்து, நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"குழந்தை போனா இன்னொண்ணு பெத்துக்கலாம் அண்ணா. இது தெரிஞ்சா இவளும் எனக்கு இல்லாம போயிடுவா."

இன்னொன்று பெற மாட்டாள், அப்போதும் நான் எழுதிக் கொடுத்ததுதான் குறுக்கே நிற்கும் என்றேன். போனை வைத்துவிட்டார்.

5

இந்த வாரம் பத்திக்குப் பதிலாக இந்தக் கதையை அனுப்புகிறேன். அடையாளம் தெரியாதபடி வயதையும் உறவையும் மாற்றுங்கள் என்றார் ஆசிரியர். மறுத்துவிட்டேன். [நோயாளியின் ரகசியம் காப்பது பற்றியும் பத்தி எழுதியவன்தான் நான்.] ஒரு கதவைத் தட்டிச் சொல்ல வேண்டியதை ஊருக்கே அச்சடித்துக் கொடுப்பது கோழைத்தனம். சின்னவளுக்குச் சொல்ல மாட்டேன் என்ற வாக்கை நேரடியாக மீறவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு சந்து தேவைப்பட்டது.

மற்றவர்கள் மன்னிக்க வேண்டும், முடிவை உங்களிடம் விடவில்லை. தங்கச்சி, உங்கள் வீட்டில் செய்தித்தாளை முதலில் எடுப்பது நீங்கள்தான். என்னோடு சண்டை பிடிப்பதற்காகவே சின்னவள் என் பக்கத்தைத் தேடிப் படிப்பவள். இந்த ஒரு தாளை உருவிக் கிழித்துவிட்டு மற்றதை மேசையில் வைத்தால், இந்த வாரம் நான் எழுதவில்லை என்று நினைத்துக்கொள்வாள். கிழிக்கவில்லை என்றால், அவள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். பிறகு அவளை என்னிடம் அழைத்து வாருங்கள். அறையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் எழுந்திருக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கும்.