அப்புறம் என்று எழுதிய படிவம்

கணக்குப் பிரிவு அம்மா என் பழைய படிவத்தைக் கோப்பிலிருந்து உருவி மேசைமேல் போட்டார். ‘ஓய்வுகாலச் சேமிப்புக்கு மாதம் பிடிக்க வேண்டிய தொகை’ என்ற கட்டத்தில், இருபத்தெட்டு வயதில் நான் எழுதியிருந்தேன்: அப்புறம்.

“தொகை கேட்டா வார்த்தை எழுதின ஒரே ஆள் நீங்கதான் சார்,” என்றார்.

அன்று அது எனக்குப் பெரிய நகைச்சுவை. என்னோடு வேலை பார்த்த லிஃப்ட் மெக்கானிக்குகள் எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அதே மாதம் வேலைக்குச் சேர்ந்த இந்த அம்மா கட்டத்தில் எண்ணை எழுதினார். இனி வேலையை விட்டாலும் காலாட்டிக்கொண்டு உட்காரலாம். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்?

எனக்கு ஐம்பத்தொன்று. அறுபதில் அனுப்பிவிடுவார்கள். வீட்டுக் கடன் முடிய அறுபத்து நாலு ஆகும். அப்பாவின் ஆபரேஷன், மகளின் படிப்பு, வீடு என்று சம்பளம் போனது. எதுவும் வீண்செலவில்லை. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாததுதான் ஆத்திரம்.

காலையில் மனைவி சட்டைப் பையில் சீட்டைச் சொருகினாள்: ‘மாசம் 4000’.

“இன்னைக்கும் ஏதாவது கிறுக்கிட்டு வந்தீங்க, வீட்டுக்குள்ள விடமாட்டேன்.”

மருந்துக்கடையில் நாளெல்லாம் நிற்கிறவள். பல் கட்டுவதைத் தள்ளிப்போட்டு, வலி மாத்திரையில் ஓட்டி மிச்சம்பிடித்த நாலாயிரம் அது. கஷ்டம் வந்தால் பல்லைக் கடித்துக்கொள் என்பார்கள். அவளுக்கு அதற்கும் வழியில்லை.

“எவ்வளவு போடட்டும்?” கணக்கம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்கும்போது மனைவி போன் செய்தாள்.

“எழுதிட்டீங்களா?”

“இப்பதான் எழுதப் போறேன்.”

“பேங்க்லருந்து லெட்டர் வந்திருக்குங்க. வட்டி ஏறிடுச்சாம். அடுத்த மாசத்துலருந்து தவணை மூவாயிரத்து எண்ணூறு கூட.”

நான் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தேன்.

“அப்புறம் பார்த்துக்கலாம்ங்க,” என்றாள்.

இருபத்து மூன்று வருடமாக அந்த வார்த்தைக்காக என்னைத் திட்டியவள். போனை வைத்துவிட்டு, சீட்டிலிருந்த நாலாயிரத்தில் மூவாயிரத்து எண்ணூறைக் கழித்தேன்.

“இருநூறு போட முடியுமா மேடம்?”

“ஐந்நூறுக்குக் கீழ கம்ப்யூட்டர் எடுக்காது.”

“அப்ப, அப்புறம்னு போடுங்க.”

“வார்த்தையும் எடுக்காது சார். நம்பர்தான்.”

“சரி, பூஜ்யம்னே போட்டுடுங்க.”

அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

“போட வேண்டாம் சார். ஏற்கெனவே அதான் இருக்கு.”