ஓய்வுநாளில் ஒரு சுமை

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க இறங்க இல்கியா வானத்தையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தான். அவனும் நண்பன் பாரூக்கும் மத்தியானத்திலிருந்து பாறை மறைவில் கற்களைக் குவித்துவைத்துக் காத்திருந்தார்கள். அண்ணன் யோவேசரைச் சங்கிலி போட்டு இந்த வழியாகத்தான் ரோமானியச் சிப்பாய்கள் ஆளுநரின் ஊரான செசரியாவுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்தால் சிலுவைதான். நேரம் தவறாதவர்கள் என்று பேர்வாங்கிய ரோமானியர்கள் இன்றைக்குப் பார்த்து ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தார்கள்.

அதற்குள் கீழே ஊரில் எக்காளம் ஊதிவிட்டது. யூதர்கள் எந்த வேலையும் செய்யக் கூடாத ஓய்வுநாள் தொடங்கிவிட்டது. இல்கியா கையிலிருந்த கல்லை, அது சுட்டுவிட்டதுபோல், கீழே போட்டான்.

"எடுடா அத!" பாரூக் பல்லைக் கடித்தான்.

"ஓய்வுநாள்ல கல்லெறியறது பாவம்டா."

"மாட்டிக்கிட்டது உன் அண்ணன்டா, என் அண்ணன் இல்ல!"

"அவங்க மொதல்ல அடிச்சா நாம திருப்பி அடிக்கலாம். பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"அப்ப கீழ போயி, 'ஐயா, ஒரே ஒரு அடி போடுங்க'ன்னு கேட்டுட்டு வா."

அதில் ஒன்றும் தப்பில்லையே என்று இல்கியாவுக்குத் தோன்றியது. அதுதான் அவனிடம் உள்ள தொல்லை. யோவேசர் அப்படியல்ல. ஓய்வுநாளில் மரமேறி அத்திப்பழம் பறித்துத் தின்றுவிட்டு, "கடவுளுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டு அப்பாவிடம் உதை வாங்கியவன். அவனுக்கும் சேர்த்து இல்கியாதான் தினமும் ஜெபித்துவந்தான்.

நான்கு சிப்பாய்கள் வளைவில் திரும்பினார்கள். நடுவில் வந்த யோவேசர் சட்டென்று ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நடக்க மாட்டேன். ஓய்வுநாள்!"

உதைத்தார்கள். மூட்டைபோல் சரிந்து படுத்துக்கொண்டு, வேதத்திலுள்ள சங்கீதம் ஒன்றை ராகமே இல்லாமல் பாட ஆரம்பித்தான்.

இல்கியாவின் கண் நிறைந்துவிட்டது. "மனந்திரும்பிட்டான்டா!"

"மண்ணாங்கட்டி. நேரத்தக் கடத்துறான்."

திட்டிக் களைத்த சிப்பாய்கள் ஈட்டிகளை ஓரமாகப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு கையோ காலோ பிடித்து அவனைத் தூக்கினார்கள். அவர்களுக்குப் புரியாத பாஷையில் யோவேசர் கத்தினான்: "ஓய்வுநாள்ல சுமை தூக்கக் கூடாதுடா பாவிகளா! கீழ போடுங்கடா!"

இல்கியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அண்ணன் மனந்திரும்பினானா, நடிக்கிறானா என்று இனி யார் வந்து சொன்னாலும் அவனுக்கு அக்கறையில்லை. அந்த அண்ணன் அவனுக்கு உயிரோடு வேண்டும்.

"நாலு பேர் கையும் காலியா இல்லடா," என்று எழுந்தான்.

பாரூக் அவன் அங்கியைப் பிடித்து இழுத்தான். முகம் வெளுத்திருந்தது. "டேய்... ஓய்வுநாள்டா."

இல்கியா ஏற்கெனவே சரிவில் சறுக்கிக்கொண்டிருந்தான். காலடியில் சரளைக்கற்கள் சடசடவென்று உருண்டன. கீழே, தலைகீழாகத் தொங்கிய யோவேசரின் கண்கள் அவனைப் பார்த்துவிட்டன. அடுத்த கணமே அவன் அந்தச் சரளைச் சத்தமே கேட்காதபடி தொண்டை கிழியப் பாட ஆரம்பித்தான்.