விளக்கணைத்த நேரத்தில் ஒரு புஷ்

எங்கள் நெய்ஹூ மென்பொருள் ஆபீசில் மதியச் சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மேசையில் தலை சாய்ப்பது வழக்கம். நானும் சாய்ப்பேன், கண்ணை முழுதாக மூடுவதில்லை. அன்று ஷி-சிங் மட்டும் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும், அவனோடு ஒரே புராஜெக்டில் இருக்கும் பெய்-ரோங்குக்கும் ஆகாது என்பது மாடிக்கே தெரியும்.

விளக்கு வந்ததும் பெய்-ரோங், தான் எழுதிய கடைசி நிரல் வரிகளைச் சர்வருக்கு அனுப்பினாள். சர்வர் ஏற்கவில்லை. அங்கிருக்கும் 'கிளை', அதாவது எல்லோரும் சேர்ந்து எழுதும் பொதுப் பிரதியும், அவள் கணினியில் இருப்பதும் ஒத்துப்போகவில்லையாம்.

"பழசை வச்சிருப்பீங்க அக்கா. உங்களோடதை அழிச்சிட்டு சர்வர்ல உள்ளத எடுத்துக்கங்க," என்றான் ஷி-சிங், குளிர்ந்த தேநீரை உறிஞ்சிக்கொண்டே.

"உன்னை நான் கேட்டேனா?"

அவள் எதையும் அழிக்கவில்லை. சர்வரில் உள்ளதைத் தனியாக இறக்கி, தன்னுடையதோடு கலக்காமல் பார்த்தாள். அவள் மாதக்கணக்கில் எழுதிய டிக்கெட் பகுதி மொத்தமும் காணோம். ஷி-சிங் தன் பழைய பிரதியைக் கட்டாயமாக மேலே தள்ளி, 'ஃபோர்ஸ் புஷ்' செய்து, அங்கிருந்ததை அழித்திருந்தான், எல்லோரும் தூங்கிய நேரத்தில்.

"எங்கடா என் வேலை?"

"சர்வர் என்னோடத ஏத்துக்கல. அதான் ஃபோர்ஸ் பண்ணேன்."

"ஏன் ஏத்துக்கலன்னு பாக்க மாட்டியா?"

"லைட் இல்லையே அக்கா."

"மானிட்டர் என்ன மெழுகுவத்தியிலயா எரியுது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான்தான்.

மேனேஜர் குவோ ஓடி வந்தார். அன்று சாயங்காலம் வாடிக்கையாளர் எடுத்துக்கொள்ளப் போவது அந்தக் கிளையைத்தான். டிக்கெட் பகுதி இல்லையென்றால் பழி பெய்-ரோங் தலையில்தான் விழும்.

"உன்கிட்ட இருக்கா?"

"என் கணினில மட்டும் இருக்கு. இவன் பேச்சைக் கேட்டிருந்தா அதுவும் போயிருக்கும். திருப்பிப் போடுறேன் சார். ஆனா இனிமே இந்தக் கிளையைப் பூட்டுங்க. யார் அனுப்பினாலும் நான் பாத்துத்தான் உள்ள விடுவேன்."

குவோவுக்கு வேறு வழி? தலையாட்டினார். அவள் தன்னுடையதைக் கட்டாயமாகவே தள்ளினாள். ஷி-சிங்கின் மதிய வரிகள் சர்வரிலிருந்து போயின.

"அப்ப என்னோடது?"

"உன் கணினில இருக்குமே. என்னோடதுக்கு மேல வச்சு அனுப்பு, பாக்கறேன்."

உடனே அனுப்பினான். 'வரி நெருக்கமாக இருக்கிறது' என்று திருப்பினாள். சரிசெய்து அனுப்பினான். 'இப்போது இடைவெளி அதிகம்.'

சாயங்காலம் வாடிக்கையாளர் டிக்கெட் பகுதியைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். ஷி-சிங்குடையது இன்னும் வரிசையில் கிடக்கிறது. இன்று காலையும் அவள் மேசைக்குப் போய், "பாத்தாச்சா?" என்று கேட்டான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அதில் பாட்டு ஓடவில்லை; அவள் திரையை எட்டிப் பார்த்தேன்.