வெல்வெட்டுக்கு அடியில்

வாளியின் ஒரு பக்கத்தை அவள் பிடித்து இழுத்தாள். மறுபக்கத்தை அண்ணன் விடவில்லை. நடுவில் குதிரை, எலும்பு துருத்திய முகத்தை வாளிக்குள் புதைத்துக்கொண்டு, இழுப்பது யார் என்றுகூடப் பார்க்காமல் கொள்ளு மணிகளை அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தது. கடித்து மெல்லக்கூட இல்லை.

"விடுண்ணா!"

"நீ விடு! பசியில இருக்குற வாயில இருந்து பிடுங்குறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"இதைத் தின்னா செத்துப்போயிடும்!"

"தின்னாமத்தான் சாகும். தின்னு எது செத்துருக்கு?"

வாளி கவிழ்ந்தது. கொள்ளு மண்ணில் சிதறியது. குதிரை உடனே தலையைத் தாழ்த்தி மண்ணோடு சேர்த்து நக்கத் தொடங்கியது. அவள் தோளால் அதன் முகத்தை முட்டித் தள்ளிவிட்டு, சிதறியதைக் காலால் வேலிக்கு வெளியே ஒதுக்கினாள்.

பக்கவாட்டுச் சந்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள், காகிதக் கோப்பைகளைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அப்பாவின் தங்கை, அவளுடைய அத்தை, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பெத்தவன் கூடத்துல கிடக்கான். வந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. இங்க வந்து வாயில்லா ஜீவனோட மல்லுக்கு நிக்கிறா. நல்லா வளர்த்திருக்கான் என் அண்ணன்!"

அப்பா ஏரிக்கரையில் குதிரைச் சவாரி விட்டுப் பிழைத்தவர். ஊருக்கு அவர் 'குதிரைக்காரர்'தான். சொந்தப் பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. பக்கவாதம் வந்து ஒரு வருஷம் படுக்கையில் கிடந்து, நேற்று மாலை போய்விட்டார். அவள் விடிந்ததும் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவள் வேலை பார்ப்பது ஒரு குதிரைக் காப்பகத்தில். பட்டினி போட்டு, அடித்து, தெருவில் துரத்திவிட்ட குதிரைகளைத் தூக்கிவந்து தேற்றுகிற இடம். எலும்பும் தோலுமாக வருகிற குதிரைக்கு முதல் நாளே வயிறு நிறையக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஆசை ஆசையாகத் தின்னும். பிறகு வயிற்று வலியில் தரையில் உருளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது.

குதிரைக்கு அப்பா வைத்த பேர் மினுக்கி. குட்டியாக இருந்தபோது எண்ணெய் தடவினது போல மின்னுமாம். இப்போதும் மின்னியது. கழுத்திலிருந்து வால் வரை சிவப்பு வெல்வெட் துணி, ஓரமெல்லாம் தங்க ஜரிகை. பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்தது.

"இதென்ன வேஷம்?" என்றாள்.

"அப்பாவோட வண்டிக்குப் பின்னாடி நடத்திக் கூட்டிட்டுப் போகப் போறோம்" என்றான் அண்ணன். "குதிரைக்காரர் போறாரு, குதிரை இல்லாம எப்படி? அத்தைதான் சொன்னாங்க. அவ்வளவு தூரம் நடக்கணுமே, தெம்பு வேணாமா? அதான் காலையிலேயே நல்லா போட்டேன்."

அவள் துணியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். வரவில்லை. முதுகெலும்பின் மேல் இருந்த புண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து, அங்குலம் அங்குலமாக உரித்தாள். கூடவே ஈக்கள் எழும்பின. நாற்றம் முகத்தில் அடித்ததும் நாற்காலிகளில் இருந்தவர்கள் முந்தானையையும் கைக்குட்டையையும் தேடினார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே விரலை நுழைத்துப் பிடிக்கலாம் போலிருந்தது. இடுப்பு எலும்பு இரண்டும் தோலைக் குத்திக்கொண்டு நின்றன. வெட்டாத குளம்புகள் முன்பக்கம் வளைந்து, பழைய செருப்பு மாதிரி மேலே சுருண்டிருந்தன.

கொட்டகைக்குள் போய்ப் பார்த்தாள். கதவுப் பலகையின் கீழ்ப்பாதி கடித்துத் தின்னப்பட்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியில் பச்சைப் பாசி. தரையில் சாணம், லத்தி என்று ஒன்றுமே இல்லை. யாரோ கூட்டிச் சுத்தம் செய்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு புரிந்தது. அதையும் அதுவே தின்றிருக்கிறது.

வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாராவாரம் போனில் கேட்டிருக்கிறாள். "மினுக்கி எப்படிப்பா இருக்கா?" குழறிய பேச்சிலும் அப்பாவின் பதில் மாறாது. "உன்னைவிடக் குண்டா இருக்கா. உங்க ஆசிரமத்து வாசல்ல நுழைய மாட்டா." அவளும் சிரித்திருக்கிறாள்.

காப்பகத்து டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். "எவ்வளவு தின்னுச்சு? ஊறவச்சதா?" என்று கேட்டார் அவர். ஊறவைக்காதது என்றாள் அவள். "உள்ள போய் ஊதும். கிளம்பிட்டேன். ஒரு வாய் தீனி கூடாது. தண்ணி நான் வந்தப்புறம். நடத்தாதே. லத்தி போடுதான்னு பாரு. அதான் நமக்கு உயிர்."

அவள் போனை வைத்துவிட்டு அண்ணனிடம் திரும்பினாள். "நீ மனுசனா?"

"ஏய், வார்த்தையை அளந்து பேசு. அப்பாவுக்கு மூணு வேளை மலஜலம் எடுத்தது யாரு? நீயா? முதுகுப் புண்ணுக்கு மருந்து வச்சது யாரு? நீ ஊரான் குதிரைக்கெல்லாம் தடவிக் குடுத்துட்டு போட்டோ எடுத்துப் போடுவ. நான் அவரைப் பாக்குறதா, இதைப் பாக்குறதா?"

"எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா வண்டியோட வந்து தூக்கிட்டுப் போயிருப்பேனே!"

அண்ணன் சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தான். அம்மா நேற்றிலிருந்து யாரிடமும் பேசவில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது பேசினாள்.

"அவனைத் திட்டாதேடி. உங்கப்பாதான் வேணாம்னாரு."

"என்ன?"

"இவன் சொன்னான், தங்கச்சிக்குச் சொல்லிடலாம், கொண்டுபோய்த் தேத்தட்டும்னு. அதுக்கு அவரு, 'அவ கண்டவன் குதிரையையெல்லாம் அள்ளிட்டு வர்றா. அந்தக் கூட்டத்துல என் குதிரையா? குதிரைக்காரன் குதிரையவே பட்டினி போட்டான்னு என் பொண்ணே ஊருக்குக் காட்டுவாளா?'ன்னாரு. விக்கவும் விடலை. ஒருநாள் பார்க்கணும்னு கேட்டாரு. நாற்காலியில வச்சுத் தள்ளிட்டு வந்தோம். பார்த்தாரு."

"பார்த்துட்டு?"

"கதவைச் சாத்துன்னாரு."

கூடத்தில் யாரோ புதிதாக வந்து உரக்க அழுதார்கள். "குதிரைன்னா உயிரை விடுவீங்களே மாமா!" அடுத்து ஒருவர், இன்னொருவர். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அப்பாவின் தாடையைக் கட்டியிருந்தார்கள். கன்னம் சதைப்பற்றோடு இருந்தது. தலைமாட்டில் மேஜை, மேஜையில் நலம் விசாரிக்க வந்தவர்கள் கொண்டுவந்த ஆப்பிள், ஆரஞ்சு, வாழைப்பழம். அடியில் இருந்தவை அழுகி, பழக்கூடையிலிருந்து சாறு மேஜைவிரிப்பில் இறங்கியிருந்தது. பின்கதவுக்கும் அந்த மேஜைக்கும் நாலு எட்டுகூட இருக்காது.

சுடுகாட்டு வண்டி வந்துவிட்டது. அத்தை மறுபடி ஆரம்பித்தாள். "துணியை எடுத்துப் போர்த்துங்கப்பா. கூட்டம் சேர்ந்துடுச்சு. வாசல் வரைக்குமாவது கூட்டிட்டு வாங்க, ஒரு போட்டோ எடுத்துட்டு விட்டுடலாம்."

"இந்தக் குதிரைக் கயித்தை யாராவது தொட்டுப் பாருங்க" என்றாள் அவள்.

"பொம்பளைப் பிள்ளையா நீ? அப்பனை அனுப்ப வரமாட்டியா?"

"வரலை அத்தை."

"குதிரைக்காகவா?"

"அப்படியே வச்சுக்கோங்க."

அத்தை காறித் துப்பினாள். அண்ணன் வெல்வெட் துணியைக் கையில் எடுத்தான். உட்புறம் பூராவும் மயிரும் சீழும் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதைச் சுருட்டி, கவிழ்ந்த வாளிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு முன்பக்கம் போனான். அப்பாவைத் தூக்கும் சத்தம் கேட்டது. வண்டியின் கதவு அடைபட்டது. அவள் மினுக்கியின் வயிற்றில் காதை வைத்திருந்தாள். நல்ல குதிரைக்கு உள்ளே எப்போதும் குடகுடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே ஒன்றுமில்லை. ஆளில்லாத வீடு மாதிரி இருந்தது.

டாக்டரம்மா வந்து மூக்கு வழியாகக் குழாயை இறக்கினார். கொள்ளும் மண்ணும் மரச்சிராயும் புளித்த நுரையோடு வெளியே வந்தன. அம்மா பார்க்க மாட்டாமல் உள்ளே போனாள். மினுக்கி இரண்டு தடவை கால் மடங்கி விழப் பார்த்தது. இருவரும் தோள் கொடுத்து நிறுத்தினார்கள். ஊசி போட்டார். "முடிஞ்சதைப் பண்ணியாச்சு. குடல் அசையணும். தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடுக்கலாம். சாயந்திரத்துக்குள்ள லத்தி போட்டா, நாளைக்கு நம்ம வண்டியை அனுப்புறேன்" என்றார்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி, வாசலில் கால் கழுவிக்கொண்டு, தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். அண்ணன் மட்டும் ஈரத் தலையோடு பின்பக்கம் வந்து, கொட்டகைக்குக் கொஞ்சம் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் ஈக்களை விரட்டிக்கொண்டிருந்தாள்.

வெயில் சுவரை விட்டு இறங்கும் நேரம், மினுக்கி வாலைத் தூக்கியது. நெடுநேரம் அப்படியே நின்றது. பிறகு கறுப்பாக, கோலிக்குண்டு போல இரண்டு மூன்று விழுந்தன.

அவள் ஓடிப்போய் அதைக் கையில் எடுத்தாள். சூடாக இருந்தது. விரலால் பிட்டுப் பார்த்தாள். மரத்தூள், மண், முழுசாக இரண்டு கொள்ளு. முகர்ந்தாள். அண்ணன் முகத்தைச் சுளித்து அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு எழுந்து போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தான்.

"கையைக் கழுவு."

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். தண்ணீர் விழுந்தது. அழுக்குப் போனதும், கையைக் குவித்து மினுக்கியின் வாய்க்கு நேராகத் தூக்கினாள். "கொஞ்சம் கொஞ்சமா ஊத்து" என்றாள்.

குதிரை உதட்டை நீட்டி உறிஞ்சியது. சொம்பு காலியான பிறகும் அண்ணன் அதைச் சாய்த்தபடியே நின்றுகொண்டிருந்தான்.