பிரிக்காத சீர்

"கைய எடுளா!"

பிலோமி போட்ட சத்தத்தில், மாலத்தீவுக்குப் புறப்பட நின்ற தோணி ஒன்று பயந்துபோய் இன்னொரு நங்கூரத்தையும் கடலில் இறக்கியது. முயல் தீவுப் பக்கம் இருந்த மீன்கள் குடும்பத்தோடு இலங்கைக்குப் போய்விட்டதாகவும் பேச்சு. இத்தனைக்கும் மருமகள் ஜெஸ்லின் செய்த குற்றம், நாற்காலி மேல் ஏறி பீரோ உச்சியில் இருந்த அட்டைப்பெட்டியில் கை வைத்ததுதான்.

பெட்டிக்குள் லேப்டாப் இருந்தது. போன வருஷம் கல்யாணத்தின்போது, எம்.காம். படிக்கும் மகளுக்கு உதவட்டும் என்று ஜெஸ்லினின் அப்பா ஹென்றி வாங்கிக் கொடுத்தது. பித்தளைக் குடம், கட்டில், மிக்சியோடு சேர்ந்து பேண்டு வாத்தியம் முழங்கத் தெருவழியாக ஊர்வலம் வந்தது. வந்த அன்றே பிலோமி அதைப் பீரோ மேல் ஏற்றிவிட்டாள். பெட்டி மேல் பிளாஸ்டிக் உறை, அதன் மேல் பெட்ஷீட், பூச்சி அரிக்காமல் இருக்கச் சுற்றிலும் ஆறு அந்துருண்டை. புனிதர்களின் எலும்பைக்கூட இவ்வளவு பத்திரமாக யாரும் பாதுகாத்ததில்லை.

"மாமி, நான் விளையாட்டுக்குக் கேக்கல. செமஸ்டர் பரீச்ச இனி அவங்கவங்க சொந்தக் கம்ப்யூட்டர்லதான் எழுதணுமாம். காலேஜுல ஒரு சாஃப்ட்வேர் ஏத்துவாங்க. அது கேள்வித்தாளத் தவிர வேற எதையும் தொறக்க விடாது. ஒரு ஆளுக்கு ஒரு மெஷின், இரவல் கூடாது. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கொண்டு போயிப் பதியலன்னா ஹால் டிக்கெட் கெடயாது."

"பரீச்சைக்குப் பேனா கொண்டு போவாவ, பென்சில் கொண்டு போவாவ. கம்ப்யூட்டரத் தூக்கிட்டு எவளா போவா? நாளைக்குக் காத்து வரலன்னு சொல்லி ஃபேனையும் கழத்திட்டுப் போவியோ?"

"எங்கப்பா எனக்கு வாங்கிக் குடுத்தது மாமி."

"உங்கப்பன் குடுத்தது இந்த வீட்டுக்கு! சீருன்னு வந்த பொறவு உன்னுது என்னளா உன்னுது? நீயே இந்த வீட்டுப் பொருள்தான்."

விஷயம் இதுதான். பிலோமியின் மகள் டெல்பினுக்கு மணப்பாட்டில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மருமகள் கொண்டுவந்த சீரில் புதுக்கருக்கு மாறாததை எடுத்து மகளோடு அனுப்புவது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வாய் திறந்து சொல்லாத ஏற்பாடு. குடம் டெல்பின் சீரில் சேர்ந்தாயிற்று, மிக்சியும் சேர்ந்தாயிற்று. மிச்சம் லேப்டாப். பிரித்தால் பழசு. பழசை மாப்பிள்ளை வீடு எடுக்காது.

பிலோமி கொண்டுவந்த தையல் மெஷினும் ஒரு காலத்தில் இப்படித்தான் நாத்தனாரோடு வீரபாண்டியன்பட்டணத்துக்குப் போனது. அன்றைக்கு மூன்று நாள் சாப்பிடாமல் அழுதாள். அந்த அழுகையில் அவள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: அடுத்த முறை எடுக்கிறவள் தானாக இருக்க வேண்டும்.

ஜெஸ்லின் கணவன் பக்கம் திரும்பினாள். இனிகோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். நாற்பது டன் கண்டெய்னரைத் தீப்பெட்டி மாதிரித் தூக்கிக் கப்பலில் அடுக்குவான். பீரோ மேலிருந்த இரண்டு கிலோப் பெட்டியை இறக்க மட்டும் அவனுக்குத் தோளில் பலம் இல்லை.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"அம்மா சொல்லுதாள்ல? அடுத்த வருசம் எழுதிக்கிட்டா என்ன? பரீச்ச எங்கயும் ஓடியா போயிரும்?"

சொல்லிவிட்டுச் செல்போனுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான். அந்தத் தலை இனி ஈஸ்டருக்குத்தான் உயிர்த்தெழும் போலிருந்தது.

மூன்றரை மணிக்கு மாப்பிள்ளையின் தாய் ஏஞ்சலின் இரண்டு பெண்களோடு சீர் பார்க்க வந்து இறங்கினாள். ஒரு கையில் முந்திரி மக்ரூனும் மறு கையில் விசிறியுமாக உட்கார்ந்தபடியே வீட்டை அளந்தாள். குடத்தைத் தட்டிப் பார்த்தாள். கட்டிலை ஆட்டிப் பார்த்தாள். பட்டுச்சேலையில் நின்ற டெல்பினையும் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தாள், தட்டவில்லை, அவ்வளவுதான்.

"லேப்டாப்புன்னு சொன்னீகளே?"

"ஏல இனிகோ, இறக்குல!" என்றாள் பிலோமி.

என்ன ஆச்சரியம்! காலையில் பலமில்லாத தோள் ஒரே மூச்சில் பெட்டியை இறக்கிக் கூடத்தின் நடுவில் வைத்தது.

"சீலுகூட பிரிக்கல சம்பந்தி. நல்லாப் பாத்துக்கிடுங்க."

"அதுதான வேணும். அடுத்தவ கை பட்டது எங்க வீட்டுக்கு ஆவாது."

குசினியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த ஜெஸ்லின் காதில் இது விழுந்தது. கடிகாரம் நான்கு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. இரண்டு வருஷப் படிப்பும் பெட்டிக்குள் கிடக்கிற இயந்திரமும் இன்னும் ஒரு மணி நேரத்தில் யாருக்கோ போய்விடும்.

டீத்தட்டோடு கூடத்துக்கு வந்தாள். தட்டில் நான்கு டம்ளர். ஓரத்தில் மீன் வெட்டுகிற கத்தி.

கத்தியைக் கண்டதும் ஏஞ்சலின் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டாள். ஜெஸ்லின் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டி முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். சீல் ஒட்டியிருந்த டேப்பில் கத்தி முனையை வைத்து ஒரே இழுப்பு.

அந்தச் சத்தம் வ.உ.சி. துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

"ஏளா! ஏளா! பாவி!" பிலோமி பாய்ந்து வருவதற்குள் லேப்டாப் வெளியே வந்துவிட்டது. அந்துருண்டை வாடை கூடமெல்லாம் பரவி மக்ரூன் வாசனையைக் கொன்றது. ஜெஸ்லின் சார்ஜரை மாட்டினாள். திரை விழித்தது. சில கேள்விகளுக்குப் பிறகு, என்னை யார் பயன்படுத்தப் போகிறார்கள், பெயர் என்ன என்று கேட்டது. பதினான்கு மாதமாக அந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்: ஜெஸ்லின்.

ஏஞ்சலின் காலைக் கீழே இறக்கினாள். "பிரிச்சாச்சா? அப்ப பழசுதான். இத நாங்க எடுக்க மாட்டோம். வேற புதுசு வாங்கி வச்சிட்டு ஆள் அனுப்புங்க, பேசலாம்."

"வாங்கிருவோம் சம்பந்தி, உக்காருங்க…" பிலோமி கெஞ்சினாள்.

அதுவரை நிலம் பார்த்து நின்ற டெல்பின் தலை நிமிர்ந்தாள். "நானும் இருவத்திமூணு வருசம் ஓடுன ஆளுதான் மாமி. டப்பாவுல போட்டு யாரும் என்னைப் பூட்டி வைக்கல. அப்ப நானும் பழசுதான்?"

ஏஞ்சலின் எழுந்தாள். பாதி மக்ரூனைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு ஆட்களோடு வெளியேறினாள். பிலோமி மார்பில் அடித்துக்கொண்ட அடியில் உப்பளத்து அம்பாரங்கள் சரிந்தன.

"எம்மவ வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டாளே! இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இந்தப் படியேறுவ? போனா அப்பிடியே போயிரு!"

"மயினி, நேரமாச்சி. ஏறுங்க," என்றாள் டெல்பின். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தாள். லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி ஜெஸ்லின் பின்னால் ஏறினாள். வாசலில் இனிகோ நின்றான். அவன் கையில் காலி அட்டைப்பெட்டி இருந்தது. அம்மாவைப் பார்ப்பதா, மனைவியைப் பார்ப்பதா என்று தெரியாமல் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்லூரி அலுவலகத்தை எட்டியபோது மணி ஐந்தாக எட்டு நிமிடம். வரிசையில் கடைசி ஆள் ஜெஸ்லின். எழுத்தர் ஜாய்சன் மென்பொருளை ஏற்றிவிட்டுப் படிவத்தை நீட்டினார். 'இந்தக் கணினி எனக்குச் சொந்தமானது.' அதன் கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு. அதற்கும் கீழே இன்னொரு கோடு: 'தந்தை அல்லது கணவர் கையொப்பம்.'

பக்கத்து மேசையில் ஒரு பையன் நிரப்பிக்கொண்டிருந்த படிவத்தை எட்டிப் பார்த்தாள். அதில் அந்த இரண்டாவது கோடு இல்லை.

"பையனுங்களுக்கு இல்லையா சார்?"

"பொம்பளப் புள்ளைங்களுக்கு மட்டும்தாம்மா. பின்னால யாராவது என்னுதுன்னு தகராறுக்கு வந்துரக் கூடாதுல்ல?"

ஜெஸ்லின் முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது கோட்டிலும் தன் கையெழுத்தையே போட்டாள்.

"அது வீட்டுக்காரர் போடுத எடம்மா."

"தெரியும் சார். மெஷின் என்னுது. தகராறுக்கு வந்தா என்கிட்டதான் வருவாங்க, நானே போட்டுட்டேன்."

ஜாய்சன் கடிகாரத்தைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். வாசலில் பட்டுச்சேலையோடு வேர்த்து நின்ற டெல்பினைப் பார்த்தார். பிறகு, உரித்தாலும் உரியாத ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, ஜெஸ்லினின் பதிவெண்ணை எழுதி, லேப்டாப்பின் பளபளக்கும் மூடியின் நட்டநடுவில் ஒட்டினார்.

இனி அதைப் புதுசு என்று எந்த வீட்டுக்கும் கொடுத்தனுப்ப முடியாது.